ஏழாம் கழியில் மீன் இல்லை

ஏழ்கழி நாடு என்று ஒரு நாடு. அது எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். நமக்குப் பக்கத்திலும் இல்லை, தூரத்திலும் இல்லை. கடல் உள்ளே புகுந்து ஏழு உப்பங்கழிகளாகப் பிரிந்து கிடந்த நாடு அது. அங்கே ராஜாவை மக்களே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே ராஜா கிடைத்தார். இதில் யாருக்கும் வருத்தமில்லை. ராஜா மாறினால் அவர் பெயர் எழுதிய பாலங்களுக்கெல்லாம் மறுபடி வர்ணம் அடிக்க வேண்டியிருக்கும் அல்லவா?

ராஜா இளகிய மனசுக்காரர். ஒரு நாள் காலை அரண்மனை மாடத்தில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, எதிர்க் குளத்துக்கு வழக்கமாக வரும் கொக்கு வரவில்லை என்பதைக் கவனித்தார். வாய் கொப்பளித்த கையோடு உயிர்க்காப்பு மந்திரி பரமகல்யாணரை வரச் சொன்னார்.

"மந்திரி, நம் நாட்டில் மொத்தம் எத்தனை கொக்கு?"

"நிறைய இருக்கின்றன, மகாராஜா."

"எங்கே இருக்கின்றன?"

"ஆங்காங்கே இருக்கின்றன, மகாராஜா."

"ஆங்காங்கே என்றால் காவல் எங்கே போடுவது? இருக்கும் இடம் தெரிந்தால்தானே காப்பாற்ற முடியும்?"

மந்திரி ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "மகாராஜா, இந்த ஒரு வாக்கியத்துக்காகவே ஒரு துறை தொடங்கலாம்" என்றார்.

தொடங்கினார்கள். நாட்டிலுள்ள மீன், பறவை, விலங்கு எல்லாம் எங்கெங்கே வாழ்கின்றன என்று ஒரு பெரிய வரைபடம் தயாராக வேண்டும். உயிர்கள் இருக்கும் இடத்துக்குப் பச்சை மை. இல்லாத இடம் வெள்ளையாகவே விடப்படும். பச்சையில் ஒருவரும் கால் வைக்கக் கூடாது. வெள்ளைப் பகுதி நாட்டின் வளர்ச்சிக்கு.

வரைபட அதிகாரிகளுக்கு இரண்டு விதிகள் கொடுக்கப்பட்டன. உயிரினங்கள் மிரளும் என்பதால், அதிகாரி எந்த உயிரினத்துக்கும் நூறு அடிக்குள் போகக் கூடாது என்பது முதல் விதி. இது மக்களின் வரைபடம் என்பதால், தகவல் மக்கள் வாயிலிருந்தே வர வேண்டும் என்பது இரண்டாவது.

"நானே கண்ணால் பார்த்தால்?" என்று கேட்டார் அதிகாரி ஆதிமூலம். அவருக்குக் கடற்கரைப் பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது.

"அது தகவல் ஆகாது. உமது சொந்த அபிப்பிராயம்" என்றார் மந்திரி. "அபிப்பிராயத்துக்கு அரசாங்கத்தில் இடமில்லை."

ஏழாம் கழியின் கரையில் நாற்பது குடிசைகள் இருந்தன. வருஷத்தில் பத்து மாதம் அந்தக் கழிதான் அவர்களுக்குச் சோறு. மாசியும் பங்குனியும் மட்டும் வலை காயும். அந்த இரண்டு மாதங்களில் கடலிலிருந்து கொடுவா மீன்கள் சினையோடு உள்ளே வந்து, கழியின் வாய்ப்பக்கத்து ஆழத்தில் கூடும். அப்போது அந்தத் தண்ணீரில் யாரும் இறங்க மாட்டார்கள். இறங்காதது பெரிதில்லை, பேசவும் மாட்டார்கள். புதிதாக முழுகாமல் இருக்கும் பெண்ணிடம் "விசேஷம் உண்டா?" என்று கேட்டால், அவள் அம்மா முந்திக்கொண்டு "ஒண்ணும் இல்லையே" என்பாள் அல்லவா, அதே போல. கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும். உண்டு என்று சொன்னால் சினை கலையும். சொன்னவள் வீட்டு வயிற்றையும் அது சும்மா விடாது. கருவாட்டை வைத்துக்கொண்டு இரண்டு மாதத்தைத் தள்ளுவார்கள்.

ஆதிமூலம் வந்தது மாசி மாதத்தில். குடையும், சுருட்டிய வரைபடத் துணியும், மைக்கூடுமாக வந்து நூறு அடி தள்ளி நின்றார். கரையில் வடிவாச்சியும் அவள் நாத்தனார் சிகப்பியும் கிழிந்த மீன்கூடைகளைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். வடிவாச்சி அந்தக் கரைப் பெண்களுக்கெல்லாம் மூத்தவள். எந்த வருஷம் எந்த நாளில் கழியை விட்டு ஏற வேண்டும் என்று சொல்பவள் அவள்தான்.

"அம்மா! இந்தக் கழியில் மீன் உண்டா?"

வடிவாச்சியின் கை நின்றது. "மீனா? இங்கயா? ஒண்ணுமில்லீங்க ஐயா. வெறும் சேறு."

"ஒன்றுகூடவா இல்லை?"

"சேத்துல என்னங்க ஐயா இருக்கும்? நண்டுகூட போக்கிடம் இல்லாம கெடக்கு."

அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கை நீளக் கொடுவா ஒன்று எம்பித் துள்ளித் தண்ணீரில் தொப்பென்று விழுந்தது.

"அது என்ன சத்தம்?"

"காத்துங்க" என்றாள் சிகப்பி.

"வெள்ளையாக ஏதோ எழும்பியதே?"

"நுரைங்க ஐயா. இங்க நுரை கொஞ்சம் கனமா இருக்கும்."

தண்ணீர் அங்கே உலை கொதிப்பதுபோல் இருந்தது. ஆதிமூலம் அதைப் பார்த்தார். தாம் பார்ப்பது அபிப்பிராயம் என்பது நினைவுக்கு வந்தது. மேலும், 'உண்டு' என்றால் பதினோரு படிவங்கள் நிரப்ப வேண்டும். 'இல்லை' என்றால் ஒரே வரி. வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது.

"சாட்சியின் பெயர்?"

"வடிவாச்சி."

அவர் எழுதிக்கொண்டு, நல்லது என்று குடையை விரித்துப் போனார்.

"சமாளிச்சிட்டியே மைனி! வாய் கூசாம சொன்ன."

"பிள்ளத்தாச்சியக் காட்டிக்குடுப்பாளாட்டி ஒருத்தி?" என்றாள் வடிவாச்சி. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்று முழுக்க அவளுக்கு ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு இருந்தது.

ஆடியில் வரைபடம் வெளிவந்தது. தலைநகரில் யானைமேல் வைத்து ஊர்வலம் விட்டார்கள். ஏழாம் கழி வெள்ளையாக இருந்தது. மந்திரியின் சொந்த ஊரான கரட்டுப்பட்டி அடர்ந்த பச்சையாக இருந்தது. அது தண்ணீரையே பார்த்திராத பாறைக்காடு. அங்கே மந்திரியின் மைத்துனரைக் கேட்டபோது, நாலாயிரம் பூநாரைகள் உண்டு என்று வாயால் சொல்லியிருந்தார். ஆகவே பாறைக்காட்டைச் சுற்றிச் சுவர் எழும்பியது. பன்னிரண்டு காவலர் நியமிக்கப்பட்டனர். 'பூநாரைகள் இன்றும் வெளியே சென்றுள்ளன' என்று அவர்கள் நாள்தோறும் குறிப்பு அனுப்பினார்கள்.

அடுத்து, பச்சையில் மீன் பிடிப்பது திருட்டு என்று ஓர் ஆணை வந்தது. அதன் முதல் விளக்கம் சிகப்பிக்குச் சந்தையில் கிடைத்தது. கூடையும் கையுமாக அவளும் வடிவாச்சியும் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் காவலர் ஒருவர் வந்தார்.

"இது எங்கே பிடித்த மீன்?"

"ஏழாங்கழியில ஐயா."

"ஏழாம் கழியில்தான் மீன் இல்லையே."

"இந்தா இருக்கே ஐயா. முழிச்சிப் பாக்குது பாருங்க."

"நான் பார்ப்பது செல்லாது. மீன் இல்லாத நீரில் மீன் பிடிக்க ஒருவராலும் முடியாது. ஆகவே இது பச்சைப் பகுதியில் திருடப்பட்டது."

"பச்சை இங்கேருந்து நாலு நாள் நடையில கெடக்கு. அங்க போயி திருடிக்கிட்டு வந்தா மீனு நாறிராதா?"

"நாற்றத்தைப் பற்றி ஆணையில் ஒன்றும் இல்லை" என்று காவலர் கூடையை எடுத்துக்கொண்டார்.

அது ஒரு கூடையோடு நிற்கவில்லை. ஐப்பசிக்குள் ஏழாம் கழிக்காரர்கள் மீன் கொண்டுபோன எல்லாச் சந்தைகளிலும் திருடர்கள் ஆனார்கள். மார்கழியில் காவலர்கள் வலைகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். மீன் இல்லாத ஊரில் வலை இருப்பதே திருட்டுக்கு அடையாளம் என்று சொல்லப்பட்டது. அடுப்பில் கீரையும் கிழங்கும் வெந்தன. சில நாள் கிழங்கும் இல்லை. சிகப்பியின் மகள் செண்பகம் தலைப்பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டு தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் வாய்க்கு ருசியாகப் போட ஒன்றுமில்லை.

தை கடைசியில் தமுக்கு அடித்தார்கள். ஏழாம் கழியின் வெற்றுநீரில் கரை போட்டு, மண் அடித்துத் தூர்த்து, மகாராஜா உல்லாசப் படகு ஏறும் துறை அமைக்கப்படும். ஆட்சேபம் உள்ளவர்கள் மாசி மூன்றாம் நாள் தலைநகர் வந்து, கேட்பு மண்டபத்தில், உள்ளே இருக்கும் ராஜாவின் காதில் விழும்படி மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும்.

"நீ சொன்ன வார்த்தை. நீதான் போயி மாத்தணும் மைனி" என்றாள் சிகப்பி.

"மாசியில எப்படிட்டி வாயத் தொறக்க? இப்பத்தான் ஒண்ணொண்ணா உள்ள வருதுங்க."

"சொல்லலேன்னா மண்ணடிச்சிருவான். அப்புறம் எதுக்கு வரும், எங்க வரும்?"

"சொன்னா கலைஞ்சிரும்னுதானே பயம்."

"தூர்த்தா மட்டும் கலையாதாக்கும்?"

"வீட்டுல ஒரு பிள்ள முழுகாம இருக்கு" என்றாள் வடிவாச்சி.

"தெரியும். எம் மகதானே. நீ மொதல்ல சொல்லு, பின்னால நான் சொல்லுவேன். ரெண்டு பேரு மேலயும் பாதிப் பாதியா விழட்டும்."

அந்தப் பாதிக்கணக்கில் இருவருக்கும் தைரியம் வந்தது. மூன்று நாள் நடந்தார்கள்.

கேட்பு மண்டபத்தின் வெளித்தாழ்வாரம் நிரம்பியிருந்தது. மலைக்காரர்கள், ஏரிக்கரைக்காரர்கள், ஆடு மேய்ப்பவர்கள், காட்டு விளிம்பில் குடியிருப்பவர்கள் எல்லாம் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். வடிவாச்சிக்குப் பக்கத்தில் ஒரு மலைநாட்டுக்காரர். பெயர் ஒச்சப்பன்.

"அண்ணன் எந்தச் சோலியா வந்தீக?" என்று கேட்டாள் சிகப்பி.

"சும்மாதான் தாயி. ஊரு பாக்க வந்தேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க?"

"நாங்களும் ஊரு பாக்கத்தான்."

அந்தப் பக்கம் இருந்த ஏரிக்கரைப் பெண் ஒருத்தியும் ஊர் பார்க்கத்தான் வந்திருந்தாள். எந்த ஏரி, அதில் என்ன பறவை என்று சிகப்பி கேட்டதற்கு அவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அன்று அந்தத் தாழ்வாரத்தில் முந்நூறு பேர் ஊர் பார்க்க வந்திருந்தார்கள். ஒருவரும் வெளியே போய் ஊரைப் பார்க்கவில்லை.

உள்ளே அழைத்தார்கள். உயரமான மேடையில் மந்திரி பரமகல்யாணர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வரைபட அதிகாரிகள் வரிசை. ஆதிமூலமும் அதில் இருந்தார். சுவர் முழுக்க வரைபடம் தொங்கியது. கரட்டுப்பட்டியைத் தவிர்த்தால் துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரிதான் இருந்தது.

ஒருவர் வாசித்தார்: "கருமலைச் சரிவு. தேனீ இல்லை. கரடி இல்லை. சாட்சி, ஒச்சப்பன். ஆட்சேபம் உண்டா?"

ஒச்சப்பன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். அவர் காலில் செருப்பு இல்லை.

"ஆட்சேபம் இல்லை. அடுத்து. பெரிய ஏரி. பறவை இல்லை. சாட்சி, ஊரார் அனைவரும்."

ஏரிக்கரைப் பெண் எழுந்தாள். எழுந்த வேகத்தில் உட்கார்ந்தாள்.

"ஆட்சேபம் இல்லை. அடுத்து. ஏழாம் கழி. மீன் இல்லை. சாட்சி, வடிவாச்சி. ஆட்சேபம் உண்டா?"

வடிவாச்சி எழுந்து நின்றாள்.

"என்னம்மா, ஆட்சேபமா?"

"ஆமாங்க."

"என்ன ஆட்சேபம்?"

"இருக்குங்க."

"என்ன இருக்கிறது? பொருளைக் குறிப்பிட வேண்டும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தன் வயசில் ஒருமுறைகூட மாசியில் சொல்லாத சொல். "மீனு. சினைமீனு இருக்குங்க."

"உரக்க. மகாராஜாவுக்குக் கேட்கவில்லை."

"சினைமீனு இருக்கு!"

"மூன்றாவது முறை."

"சினைமீனு இருக்கு!" காய்கறி விற்பதுபோல் அந்தக் குரல் மண்டபத்தைச் சுற்றி வந்தது. யாரோ சிரித்தார்கள். அவளுக்கு நடுச்சந்தையில் சேலை அவிழ்ந்ததுபோல் இருந்தது.

மந்திரி ஏட்டைப் புரட்டினார். "போன மாசியில் இல்லை என்று சொல்லியிருக்கிறாய்."

"ஆமாங்க."

"அது?"

"பொய்ங்க."

"ஏன் பொய் சொன்னாய்?"

எப்படிச் சொல்வாள்? "காப்பாத்துறதுக்குங்க" என்றாள்.

"அரசாங்கத்திடமிருந்தா?"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. மந்திரியும் அளவோடு சிரித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "அரசாங்கத்திடம் பொய் சொன்னவள் நீ. நீயே ஒப்புக்கொண்டாய். ஆகவே உன் சாட்சியம் இனிச் செல்லாது. செல்லாத உண்மையைக் கொண்டு, முறையாகப் பதிவான பொய்யைத் திருத்த முடியாது. இது உனக்குப் புரிகிறதா?"

"புரியலீங்க."

"பரவாயில்லை. புரிய வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனாலும் நம் ராஜா கருணை உள்ளவர். இன்றுவரை பொய் சொல்லாத ஒருவர், ஒரே ஒருவர், ஏழாம் கழியில் மீன் உண்டு என்று சொன்னால் போதும். வரைபடத்தை இப்போதே திருத்தலாம். யாராவது உண்டா?"

வடிவாச்சி சிகப்பியைப் பார்த்தாள். சிகப்பி தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் அடிவயிற்றில் வைத்திருந்தாள், அது தன் மகளின் வயிறு என்பதுபோல.

"இந்தப் பெண் உன்னோடு வந்தவள்தானே? அம்மா, உனக்குத் தெரியுமா?"

சிகப்பி எழுந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் ஊரு பாக்க வந்தேன்."

வடிவாச்சி மேடைப்பக்கம் திரும்பினாள். "ஐயா பாத்தாரு. அந்த ஐயா அன்னைக்கு அங்கதான் நின்னாரு. துள்ளுனதப் பாத்தாரு."

எல்லாரும் ஆதிமூலத்தைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். உதடு பிரிந்தது. அதற்குள் மந்திரி கையை உயர்த்தினார்.

"அதிகாரி பார்த்தது அபிப்பிராயம். அதைக் கேட்டால் மக்களின் வரைபடத்துக்கு இழுக்கு. உட்காரும்."

ஆதிமூலம் உட்கார்ந்தார். உட்காரச் சொன்னதில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை வடிவாச்சி பார்த்துவிட்டாள் என்பது அவருக்கும் தெரிந்தது. அதன் பிறகு அவர் தலை நிமிரவில்லை.

"அடுத்து" என்றார் மந்திரி.

திரும்பி வரும் வழியில் இரண்டாம் நாள் ஓர் ஓடையில் கால் நனைத்தபோது சிகப்பி சொன்னாள்: "ஏசிரு மைனி. வாய்க்கு வந்தபடி ஏசிரு."

"எதுக்கு?"

"பாதி எனக்குன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்லா."

"எனக்கு ஒரு மக இருந்தா நானும் ஊரு பாக்கத்தான் வந்திருப்பேன். நட."

"இந்தப் பேச்சுக்கு நீ ஏசியே இருக்கலாம்" என்று சிகப்பி அழுதாள். வடிவாச்சி நிற்காமல் நடந்தாள்.

அவர்கள் ஊர் சேர்வதற்குள் மண்வண்டிகள் சேர்ந்திருந்தன. கழியின் வாயை அடைத்து இடுப்புயரத்துக்குக் கரை எழுந்தது. உள்ளே இருந்த தண்ணீரின்மேல் வண்டி வண்டியாகச் செம்மண் விழுந்தது. முதலில் வந்திருந்த மீன்கள் அந்த மண்ணுக்கடியில் போயின. ஊர்க்காரர்கள் குடிசை வாசல்களில் நின்று பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் இருந்தது. மீன் என்ற சொல்லைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை மற்ற மீன்கள் வந்தன.

கடலிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து புதுக்கரையில் முட்டின. மண்ணை முட்டினால் வழி விடும் என்று நினைத்தனவோ என்னவோ, திரும்பிப் போகவில்லை. பின்னால் வந்தவை முன்னால் வந்தவற்றின் மேல் ஏறின. பிறகு ஏற்றவற்றம் மாறித் தண்ணீர் பின்வாங்கியது. கரைக்கு வெளியே சேற்றில், வயிறு உப்பிய கொடுவா மீன்கள் நூற்றுக்கணக்கில் வெயிலில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

நாற்பது குடிசை ஜனமும் கரைமேல் ஏறி நின்றது. எட்டு மாதப் பசி அவர்களோடு நின்றது.

"தூக்கிக் கடல்ல விட்டுரலாமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எத்தனைய விடுவ? தண்ணி போயி அரைநாழி ஆச்சு."

"செத்து நாறத்தான் போவுது."

ஒருவரும் இறங்கவில்லை. கடைசியில் வடிவாச்சி இறங்கினாள். இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். கரையில் இருந்தவர்களைப் பார்க்காமல், "வீணாத்தானே போவுது" என்றாள். அது உண்மையான காரணம்தான். ஆனால் அவள் சேற்றில் நடந்த வேகம் அந்தக் காரணத்தின் வேகம் அல்ல. முதல் மீனை எடுத்தபோது அதன் வயிறு அவள் உள்ளங்கையில் துடித்தது. கூடைக்குள் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். அப்புறம் எல்லாரும் இறங்கினார்கள். ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு மீனுக்கு இரண்டு பேர் சண்டை போட்டதும் உண்டு.

அன்று முற்பகல் நாற்பது அடுப்பும் புகைந்தன. சினையைத் தனியே எடுத்து மிளகும் உப்பும் போட்டு வதக்கினார்கள். வாசனை கரை முழுக்க நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அவரவர் வாசலில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து தின்றார்கள்.

செண்பகம் தட்டை வழித்து நக்கிவிட்டு வடிவாச்சியிடம் வந்தாள். "அத்தை, இன்னும் கொஞ்சம் சினை இருக்கா?"

சிகப்பி வெடுக்கென்று எழுந்து குடிசைக்குள் போனாள்.

"இருக்குத்தா" என்று வடிவாச்சி தன் தட்டில் இருந்ததை எடுத்துப் போட்டாள். "உக்காந்து தின்னு."

துறை வேலையைப் பார்க்கப் பக்கத்தில் தங்கியிருந்த ஆதிமூலம் மதியத்துக்குள் வந்துவிட்டார். கூட நாலு காவலர். இந்த முறை நூறு அடியில் நிற்கவில்லை. நேராகக் குடிசைகளுக்கு நடுவில் வந்தார். கேட்பு நடந்த மறுவாரமே விதி திருத்தப்பட்டிருந்தது. உயிரினங்களைப் பற்றி அதிகாரி பார்ப்பது அபிப்பிராயம். மக்களின் குற்றங்களைப் பற்றி அதிகாரி பார்ப்பது தகவல். அவர் அடுப்புகளைப் பார்த்தார். கூடைகளைப் பார்த்தார். ஓரமாகக் குவிந்திருந்த செதில்களைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து எழுதினார். வெகுநேரம் எழுதினார். எழுந்து வாசித்தார்.

"ஏழாம் கழியில் மீன் உண்டு. ஏராளமாக உண்டு. இக்கரையில் குடியிருப்போர், சினைக்காலம் என்று அறிந்தும், அவற்றைக் கூடை கூடையாகப் பிடித்து உண்டனர். ஆகவே உயிரினங்களை இவர்களிடமிருந்து காக்கும் பொருட்டு, கழியும் கரையும் குடியிருப்பும் இன்று முதல் பச்சையாக்கப்படுகின்றன. படகுத்துறை நீங்கலாக. பச்சையில் மனிதர் கால் வைக்கலாகாது என்பதால், குடியிருப்போர் ஏழு நாளில் வெளியேற வேண்டும்."

அவர் ஓலையைத் தாழ்த்தினார். "இதில் பொய் என்று யாராவது சொல்ல விரும்புகிறீர்களா?"

சிகப்பி குடிசை வாசலில் நின்று வடிவாச்சியின் காதில் சொன்னாள்: "மண்ணடிச்சது யாருன்னு கேளு மைனி."

"நீ கேளு."

சிகப்பி வாயைத் திறந்தாள். கையில் சினையின் பிசுக்கு இருந்தது. அதைச் சேலையில் துடைத்தாள். போகவில்லை. வாயை மூடிக்கொண்டாள். ஊரில் ஒவ்வொருவரும் அப்போது எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்சேபத்துக்குச் சட்டம் கொடுத்த அவகாசம் பத்து எண்ணும் நேரம். ஆதிமூலம் ஐம்பதுக்கு மேலும் காத்திருந்தார். பிறகு காவலர் கேட்காதபடி வடிவாச்சியின் பக்கம் குனிந்தார்.

"அம்மா, பொய் என்று ஒரே ஒரு சொல் சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன். இந்த முறை எழுதுகிறேன்."

வடிவாச்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது. இந்த ஆளும் அன்றைக்கு ஊர் பார்க்க வந்தவர்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"எதைங்க ஐயா பொய்னு சொல்ல? பிடிச்சது பொய்யா, தின்னது பொய்யா?"

"அது இல்லை அம்மா, அதற்கு முன்னால் நடந்தது…"

"அது நீங்க எழுதலீங்களே. எழுதுனது வரைக்கும் சரியாத்தான் இருக்கு."

அவர் வரைபடத் துணியை அவள் வாசல் மண்ணில் விரித்தார். காவலர் நாலு மூலையிலும் கல் வைத்தார்கள். அவர் தூரிகையைப் பச்சை மையில் தோய்த்து, கழியில் தொடங்கி, கரைவழியாக, குடிசை குடிசையாகத் தடவிக்கொண்டு வந்தார். மை நிறைய இருந்தது. துணியின் விளிம்பைத் தாண்டி அது மண்ணில் வழிந்தது.

வடிவாச்சி தன் காலைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டாள்.